அடிப்பிடிக்காமல் மேஷைச் சூடேற்றுவது எப்படி: அடுப்பிலேயே கோதுமை பியர் காய்ச்ச முழுமையான வழிகாட்டி

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களில் பெரும்பாலோர் நொறுக்கிய மால்ட்டையும் சுடுதண்ணீரையும் ஒரு கூலர் பெட்டியில் கலந்து மூடிவிட்டு, ஒரு மணி நேரம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். அதைச் சுடுதண்ணீரில் கலந்த கூழ்தான் மேஷ். பேல் ஏல், ஸ்டவுட் போன்ற பியர்களுக்கு அந்தக் கூலர் பெட்டி முறை தாராளமாகப் போதும். அடுப்பில் வைத்து நேரடியாகச் சூடேற்றலாமே என்று சொன்னால் எல்லோருக்கும் வருகிற பயம் ஒன்றுதான்: அடிப்பிடித்துவிடுமே! பயம் நியாயமானதுதான். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் இந்த வேலையில் உண்மையான ஆபத்து இருப்பது இருபது நிமிடத்துக்குள்தான். அது எந்த இருபது நிமிடம் என்று தெரிந்துவிட்டால் மீதி நேரத்தில் பதற வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டிக்கு தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் வைஸ்பியரை, அதாவது கோதுமை பியரை, எடுத்துக்கொள்கிறேன். பல வெப்பநிலைகளில் நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டிய பியர் இது. நேரடிச் சூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பியர் கிடையாது. இதைவிடச் சுலபமாக அடிப்பிடிக்கக்கூடியதும் கிடையாது. இதைச் சமாளித்தவர்கள் பில்ஸ்னர் பியரைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். கீழே வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே இது வீட்டில் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கானது. பிரிட்டனில் 1963 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஆனாலும் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் ஒத்துக்கொண்டன. அமெரிக்காவில் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரி இல்லை, விற்கக் கூடாது. நீங்கள் இருக்கும் ஊரின் விதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்காக அடுப்பு?

மால்ட்டில் இருக்கும் நொதிகள் ஒவ்வொன்றுக்கும் பிடித்த வெப்பநிலை வேறு. 43 முதல் 45 டிகிரியில் ஃபெருலிக் அமிலம் விடுபடுகிறது. பின்னர் ஈஸ்ட் அதைத்தான் கிராம்பு வாசனையாக மாற்றுகிறது. கோதுமை பியரின் அடையாளமே அந்த வாசனைதான். 60 முதல் 65-க்குள் பீட்டா அமிலேஸ் மாவுச்சத்திலிருந்து மால்டோஸ் சர்க்கரையை வெட்டி எடுக்கிறது. ஈஸ்ட்டுக்கு எளிதில் செரிக்கும் சர்க்கரை அது. 70, 72-இல் ஆல்ஃபா அமிலேஸ் மிச்சமிருக்கும் மாவுச்சத்தை உடைக்கிறது. அதில் புளிக்காத பெரிய துண்டுகளும் மிஞ்சும். பியருக்கு உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், கொடுப்பவை அவை. கடைசியில் 77-க்கு ஏற்றினால் மேஷ் இளகி, வடிப்பது சுலபமாகும்.

ஆக 45, 63, 72, 77 என்று நான்கு நிறுத்தங்கள். கூலர் பெட்டி வைத்திருப்பவர்கள் கொதிநீர் ஊற்றித்தான் இப்படிப் படிப்படியாக ஏற்ற முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.5 கிலோ மால்ட், 16 லிட்டர் தண்ணீர். 45-லிருந்து 63-க்குப் போக சுமார் 8.7 லிட்டர் கொதிநீர் வேண்டும். அங்கிருந்து 72-க்கு இன்னொரு எட்டரை லிட்டர். பெட்டிக்குள் 33 லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். மேஷ் ரசம் போல நீர்த்துப்போகும். வடித்த பிறகு மால்ட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அலசத் தண்ணீருக்கு இடமே இருக்காது. அடுப்பில் ஏற்றினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்க வேண்டாம்.

பழைய காலத்தில் மேஷ் தொட்டி மரத்தால் ஆனது. அதை நெருப்பில் வைக்க முடியாது. அதனால்தான் இங்கிலாந்தில் ஒரே வெப்பநிலையில் ஊறவைக்கும் முறை நிலைத்தது. பவேரியாவிலும், இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவிலும் மேஷில் ஒரு பங்கை எடுத்துச் செப்புப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, திரும்பத் தொட்டியில் ஊற்றிச் சூட்டை ஏற்றினார்கள். டிகாக்‌ஷன் முறை என்பது அதுதான். இன்றைய ஜெர்மன் ஆலைகளில் நீராவி ஓடும் இரட்டைச் சுவர் கொண்ட உலோகப் பாத்திரமும், அடியை உரசிச் சுழலும் துடுப்பும் இருக்கின்றன. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி ஏற்றுகிறார்கள். நாம் வீட்டில் செய்வதும் அதையேதான். நீராவிக்குப் பதில் தீ, மோட்டாருக்குப் பதில் கை. ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. நீராவிச் சுவரின் சூடு 120, 130 டிகிரி அளவில் நின்றுவிடும். கேஸ் தீயின் சூடு ஆயிரத்தைத் தாண்டும்.

எப்படி அடிப்பிடிக்கிறது

பாத்திரத்தின் அடித்தகட்டை ஒட்டி ஒரு மெல்லிய திரவப் படலம் எப்போதும் இருக்கும். அது நகர்ந்துகொண்டே இருந்தால், வாங்கிய சூட்டை மேலே கொண்டுபோய்விடும். தகடும் ஓரளவு குளிர்ச்சியாகவே இருக்கும். அது நின்றுவிட்டால் மாவுத்துகள் அடியில் படிந்து, வெந்து, பசையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பசை சூட்டை மேலே போகவிடாது. அதனால் தகடு இன்னும் சூடாகும், பசை கருகும், அதன் மேல் அடுத்த அடுக்கு ஒட்டும். ராகிக்கூழ் கிண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெட்டியாகத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் கையை எடுத்தால் போச்சு.

மேஷிலும் அதேதான். 50 டிகிரி வரை அது மாவு கரைத்த தண்ணீர் மட்டுமே. 50-ஐத் தாண்டியதும் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். பார்லியின் மாவுச்சத்து 60-ஐ ஒட்டி முழுசாக வேகும். அப்போது மேஷ் நன்றாகக் கெட்டிப்படும். 63-இல் சற்று நேரம் நின்றதும் நொதிகள் மாவுச்சத்தை வெட்டிவிட, அதே மேஷ் கண்ணெதிரே இளகி, பளபளப்பாகி, தண்ணீராக ஓடும். அதன் பிறகு அடிப்பிடிப்பது குறைவு. ஆபத்தான கட்டம் 50-லிருந்து 63 வரை ஏறும் முதல் ஏற்றம்தான். கோதுமைக்கு உமி கிடையாது, பிசுக்கு அதிகம் என்பதால் அது இன்னும் கொஞ்சம் மோசம்.

கருகாமல் தப்பினாலும் இன்னொரு நஷ்டம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. நொதிகள் மால்ட் தோலில் அல்ல, கரைந்த நிலையில் திரவத்தில்தான் இருக்கின்றன. கிண்டாத மேஷில் நடுவில் தெர்மாமீட்டர் 63 காட்டும்போது அடியில் 75 இருக்கலாம். பீட்டா அமிலேஸ் 70 டிகிரியில் சில நிமிடங்களிலேயே செத்துவிடும். ஏட்டில் 63 என்று எழுதிவைத்திருப்பீர்கள். பியரோ எதிர்பார்த்ததைவிட இனிப்பாக, ஈஸ்ட் பாதியில் நிறுத்திவிட்டது போல வரும். கிண்டுவது அடிப்பிடிக்காமல் இருக்க மட்டும் அல்ல, நொதியைக் காப்பாற்றவும்தான்.

பாத்திரமும் அடுப்பும்

20 லிட்டர் பியருக்கு 30 லிட்டர் பாத்திரம் வேண்டும். 16 லிட்டர் தண்ணீரும் 4.5 கிலோ மால்ட்டும் சேர்ந்து 19 லிட்டர் இடம் பிடிக்கும். அப்புறம் அதே பாத்திரத்தில் 24 லிட்டர் கொதிக்க வேண்டும். அடி கனமாக இருப்பதுதான் முக்கியம். எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்து அழுத்திய அடி இருந்தால் சூடு சமமாகப் பரவும். மெல்லிய ஒற்றைத் தகடு எஃகுப் பாத்திரத்தில் தீயின் வளையம் அப்படியே கருகிய வளையமாகப் பதியும். கனமான அலுமினிய அண்டா விலை குறைவு. இந்த வேலைக்கு எஃகைவிட நல்லது என்றே சொல்வேன்.

மெல்லிய பாத்திரம்தான் இருக்கிறது, அடுப்பும் கேஸ்தான் என்றால் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு கனமான இரும்புத் தோசைக்கல்லைப் போடுங்கள். தீ ஒரே இடத்தில் குத்தாது. ஆனால் கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் மேஷ் ஏறும். இலக்குக்கு 3 டிகிரி முன்பே அணைக்கப் பழக வேண்டும்.

எவ்வளவு தீ? இந்த அளவு மேஷை நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்ற, சுமார் 1.25 கிலோவாட் வெப்பம் உள்ளே போக வேண்டும். 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு இதைச் சரியாகக் கொடுத்துவிடும். பாத்திரத்தில் காந்தம் ஒட்டுகிறதா, அந்தக் கனத்தை அடுப்பின் கண்ணாடி தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும் என்பதால் 3 கிலோவாட் அளவுள்ள பெரிய பர்னர் வேண்டும். வெளியில் வைத்துக் கொதிக்கவைக்கும் ராட்சத பர்னர்கள் இதற்கு அதிகம். அவற்றை வைத்திருப்பவர்கள் மேஷ் நேரத்தில் தீயைக் கால்வாசிக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த வகை பர்னரை வீட்டுக்குள் ஏற்றவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கிண்டுவதற்கு அடி தட்டையான மரத்துடுப்பு. குழிவான கரண்டி அடியைத் தொடாது. முட்டை அடிக்கும் கம்பி வேண்டவே வேண்டாம். காற்றைத்தான் உள்ளே அடிக்கும். தெர்மாமீட்டர் சீக்கிரம் காட்டுகிற டிஜிட்டல் வகையாக இருக்கட்டும். காய்ச்சும் நாளுக்கு முன்பு பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். 2 டிகிரி பொய் சொல்லும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு நான்கு படி ஏறுவது வீண் வேலை.

பாத்திரத்துக்குள் ஓட்டைத் தட்டு போட்டு மேஷ் செய்கிறவர்கள், தீ வைக்கும் நாளில் அதைக் கழற்றிவிடுங்கள். மாவு ஓட்டை வழியே கீழே இறங்கும், துடுப்பு அங்கே எட்டாது, அடிப்பிடிப்பதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மேஷுக்கு ஒரு பாத்திரம், வடிக்க ஓட்டைத் தட்டுப் போட்ட இன்னொரு பாத்திரம் அல்லது கூலர் பெட்டி. ஜெர்மன் ஆலைகளிலும் மேஷ் பாத்திரம் வேறு, வடி பாத்திரம் வேறுதான்.

பொருட்கள்

கோதுமை மால்ட் 2.5 கிலோ, பில்ஸ்னர் மால்ட் (வெளிர் பார்லி மால்ட்) 2 கிலோ. வைஸ்பியரில் பாதிக்குக் குறையாமல் கோதுமை மால்ட் இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் விதி. வடிப்பதற்கு நெல் உமி 200 கிராம். ஹோம்ப்ரூ கடைகளில் சுத்தம் செய்தே விற்கிறார்கள், ஆனாலும் ஒருமுறை அலசுங்கள். ஹாலர்டாவ் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) 25 கிராம். கோதுமை பியருக்கென்றே உள்ள ஈஸ்ட். வெய்ஹன்ஸ்டெஃபான் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். வேறு ஏல் ஈஸ்ட் போட்டால் 45 டிகிரியில் நின்ற நேரம் அத்தனையும் வீண். கூடவே மருந்துக்கடை அயோடின் ஒரு சின்னக் குப்பி.

மால்ட்டை உடைக்கும்போது மில்லின் இடைவெளி 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். கோதுமை மணி சின்னது, கெட்டியானது. அதனால் இன்னும் இறுக்கி அரைக்கத் தோன்றும். கூலர் பெட்டிக்காரர்கள் அப்படிச் செய்யலாம். நமக்கு மாவு கூடினால் அடியில் படிவதும் கூடும். சர்க்கரையில் இரண்டு சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் கரகரப்பாகவே விடுங்கள்.

படி 1: கலப்பது

பாத்திரத்தில் 16 லிட்டர் தண்ணீரை 48 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிடுங்கள். 20 டிகிரி அறையில் இருந்த மால்ட்டைச் சேர்த்தால் 45-இல் வந்து நிற்கும். கணக்கு இதுதான்: 0.41-ஐ ஒரு கிலோ மால்ட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீரோ அதால் வகுத்து, மால்ட்டுக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, இலக்கோடு கூட்டுங்கள். பாத்திரம் ஏற்கெனவே சூடாக இருப்பதால் அதற்கென்று தனியாகக் கூட்ட வேண்டியதில்லை.

ஒருவர் தூவ, ஒருவர் கிண்டுவது நல்லது. கட்டி தட்டக் கூடாது. உள்ளே உலர்ந்த மாவோடு இருக்கும் உருண்டைகள் நேராக அடிக்குப் போய் உட்காரும்.

45-இல் 15 நிமிடம் விடுங்கள். இந்த நேரத்தில் அமிலம் சேர்க்காதீர்கள். ஃபெருலிக் அமிலம் விடுபட பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 5.7 அளவில் இருப்பதுதான் நல்லது. 15 நிமிடம் முடிந்த பிறகு, லண்டன் போலக் கடினத் தண்ணீர் உள்ள ஊரில் இருப்பவர்கள், லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5.3 முதல் 5.5-க்குள் கொண்டுவாருங்கள். மாதிரியை ஆறவைத்துத்தான் பிஹெச் பார்க்க வேண்டும்.

படி 2: முதல் ஏற்றம், 45-லிருந்து 63

இங்கேதான் கவனம் எல்லாம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

தீயைப் போடுவதற்கு முன்பே கிண்டத் தொடங்குங்கள். சும்மா நின்ற நேரத்தில் அடியில் மாவு படிந்திருக்கும். அதை முதலில் துடுப்பால் வழித்து மேலே கொண்டுவந்த பிறகுதான் தீ. துடுப்பின் தட்டை விளிம்பு அடியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு வட்டம், பிறகு நடுவில் எட்டு போல இரண்டு சுற்று, மறுபடி ஓரம். வேகம் தேவையில்லை, அடியில் எந்த இடமும் சில விநாடிகளுக்கு மேல் தொடாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மேலே நுரை பொங்கும்படி அடிக்காதீர்கள்.

நிமிடத்துக்கு 1 டிகிரி என்றால் 18 நிமிடம். 50-ஐத் தாண்டியதும் துடுப்பு கனக்கத் தொடங்கும். அங்கே தீயைச் சற்றுக் குறையுங்கள். துடுப்பின் வழியாகவே அடியின் நிலை கைக்குத் தெரியும். வழவழவென்று வழுக்கினால் சரி. ஓரிடத்தில் சொரசொரப்பாக இடித்தால் அங்கே ஒட்டத் தொடங்கிவிட்டது. உடனே அடுப்பை அணைத்து, அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டுத் தொடருங்கள். ஆரம்பத்தில் ஒட்டுவது வெறும் வெந்த மாவுதான், கருகல் அல்ல, எடுத்துவிடலாம்.

சூட்டை அளக்க ஒரே இடம் போதாது. கிண்டிக்கொண்டே நடுவிலும் ஓரத்திலும் பாருங்கள். இரண்டும் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். 61.5 ஆனதும் அணைத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் கிண்டுங்கள். தகட்டில் தங்கிய சூடு மீதியைக் கொடுத்துவிடும்.

தாண்டிப் போய்விட்டால்? பக்கத்தில் எப்போதும் ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர் வைத்திருங்கள். 65-லிருந்து 63-க்கு இறக்க 20 டிகிரித் தண்ணீர் முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம் போதும். ஊற்றிக் கிண்டுங்கள், ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த ஏற்றமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். தொடக்கத்தில் 16-க்குப் பதில் 11 லிட்டர் தண்ணீரை மட்டும் 49 டிகிரியில் எடுத்துக் கெட்டியாகக் கலந்து 45-இல் நிறுத்துங்கள். பிறகு தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஆறேகால் லிட்டரைக் கிண்டிக்கொண்டே ஊற்றினால் நேராக 63-க்குப் போய்விடும். மொத்தத் தண்ணீர் 17 லிட்டரை ஒட்டி வரும். அலசும் தண்ணீரில் ஒரு லிட்டரைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். 50-லிருந்து 63 வரையிலான அந்தக் கெட்டிக் கட்டத்தைத் தீயே இல்லாமல் தாண்டிவிடுகிறோம். மீதி இரண்டு ஏற்றங்களுக்கு அடுப்பு. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைக்க வசதி இருக்கும்போது, சுத்தமான நேரடி முறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

படி 3: 63-இல் நிற்பது

30 நிமிடம். உலர்ந்த, மென்மையான பியர் பிடிக்குமென்றால் 40 வரை போகலாம். அடுப்பை அணைத்து, மூடி போட்டு, பாத்திரத்தைச் சுற்றிப் பழைய போர்வையைக் கட்டுங்கள். அடுத்த முறை தீ போடும் முன் போர்வையை எடுக்க மறக்காதீர்கள்.

குறைந்த தீயில் அப்படியே விட்டால் சூடு நிலையாக நிற்கும் என்று தோன்றும். அதைச் செய்யக் கூடாது. கிண்டாத மேஷுக்குச் சின்னத் தீயும் பெரிய தீதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, கிண்டி, அளந்து, 62-க்குக் கீழே போயிருந்தால் மட்டும் ஒரு நிமிடம் கிண்டிக்கொண்டே தீ கொடுத்து மூடிவிடுங்கள். அரை டிகிரி இங்கே அங்கே போவதால் பியருக்கு ஒன்றும் ஆகாது.

படி 4: 72-க்கு ஏறி, அயோடின் பார்ப்பது

மேஷ் இப்போது இளகிவிட்டது. மறுபடி முதலில் அடியை வழித்துவிட்டு, தீயைப் போட்டு, 9 நிமிடத்தில் 72. இந்த ஏற்றம் கைக்குச் சுலபம். கிண்டுவதை நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. சற்றுத் தளர்வாகக் கிண்டலாம். 70.5-இல் அணையுங்கள்.

72-இல் 20 நிமிடம் ஆனதும் ஒரு கரண்டித் திரவத்தை, தோல் வராமல், வெள்ளைத் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அயோடினின் பழுப்பு மஞ்சள் அப்படியே நின்றால் முடிந்தது. மால்ட் தோல் கலந்தால் எப்போதும் கறுப்பாகத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். சோதித்ததைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றக் கூடாது.

படி 5: 77, பிறகு வடிப்பது

இன்னும் 5 டிகிரி. இதைத் தாண்டி 80-க்கு மேல் போகவிடாதீர்கள். கரையாமல் கிடந்த மாவுச்சத்து அந்தச் சூட்டில் கரையும், அதை வெட்ட நொதி மிஞ்சியிருக்காது. தோலின் துவர்ப்பும் இறங்கத் தொடங்கும்.

அலசிய உமியை மேஷில் கலந்துவிடுங்கள். வடி பாத்திரத்தில் ஓட்டைத் தட்டு மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மேஷைப் பெரிய குவளையால் மொண்டு மெதுவாக மாற்றுங்கள். 20 கிலோவுக்கு மேல் இருக்கும் சுடுபாத்திரத்தைத் தூக்கிக் கவிழ்க்க நினைக்காதீர்கள். சர்க்கரைத் திரவம் உடம்பில் ஒட்டிக்கொண்டு சுடும். வெந்நீர்க் காயத்தைவிட மோசம்.

அடியில் கடைசிக் குவளைக்கு வரும்போது நின்று பாருங்கள். மாவுச் சேறு மட்டும் இருந்தால் அதையும் மாற்றலாம். கருகல் தெரிந்தால் அந்தக் கடைசி அரை லிட்டரை விட்டுவிடுங்கள்.

10 நிமிடம் அமர விட்டு, முதலில் வரும் கலங்கிய திரவத்தைத் தெளியும்வரை மேலேயே திரும்ப ஊற்றுங்கள். பிறகு மெல்ல வடியுங்கள். மால்ட் தன் பங்குக்கு நாலரை லிட்டர் வைத்துக்கொள்ளும். முதலில் கிடைப்பது பதினொன்றரை லிட்டர். 77 டிகிரித் தண்ணீர் பன்னிரண்டரை லிட்டரால் அலசினால் 24 லிட்டர் சேரும். பொறுமையில்லாமல் குழாயை முழுதாகத் திறந்தால் கோதுமை அடைத்துக்கொள்ளும்.

மீதி வேலை வழக்கமானதுதான். மூடாமல் ஒரு மணி நேரம் கொதி, தொடக்கத்திலேயே ஹாப்ஸ் முழுவதும், 18 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட், இரண்டு வாரம். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை. வைஸ்பியருக்கு இன்னும் அதிக வாயு வழக்கம் என்றாலும் அதற்குக் கனமான பாட்டில் வேண்டும். சாதாரணப் பாட்டில் வெடிக்கலாம்.

பை, பம்ப், காயில்

துணிப் பைக்குள் மால்ட்டைப் போட்டு ஒரே பாத்திரத்தில் முடிக்கும் ஆஸ்திரேலிய முறைக்காரர்களும் தீ போடலாம். ஆனால் பை அடித்தகட்டைத் தொட்டால் நைலான் உருகும், பாலியஸ்டரும் தாங்காது. அடியில் ஒரு எஃகு முக்காலித் தட்டைப் போட்டு, சூடேற்றும் நேரத்தில் பையைக் கயிற்றால் சற்று மேலே தூக்கிப் பிடியுங்கள். பைத்துணி வழியே இறங்கிய மாவு அடியில் இருக்கும் என்பதால், பையைத் தூக்கிய நிலையில் கீழே ஒரு சுற்றுத் துடுப்பு போட்டுவிட்டுத் தீயைத் தொடங்குங்கள்.

பம்ப் வைத்திருப்பவர்கள் அடியிலிருந்து திரவத்தை இழுத்து மேலே விட்டுக்கொண்டே சூடேற்றலாம். ஓட்டைத் தட்டு இருந்தாலும் அப்போது அடியில் திரவம் நகர்ந்துகொண்டிருக்கும். கோதுமை மேஷ் இறுகி, பம்ப் இழுப்பது நின்றுபோனால் அதை உடனே கவனிக்க வேண்டும். பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், திரவம் ஓடாது, தீ மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மேலே விழும் தாரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மின்சாரக் காயிலைப் பாத்திரத்துக்குள் பொருத்துபவர்கள், நீளமான, மடித்த, மேற்பரப்பு அதிகமுள்ள காயிலாக வாங்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 8 வாட்டுக்கு மேல் போகாத வகை நல்லது. சாதாரண வாட்டர் ஹீட்டர் காயிலில் சூடு சின்ன இடத்தில் குவிவதால் மேஷ் அதைச் சுற்றிக் கருகும். எந்தக் காயிலானாலும் எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாமல் தண்ணீரில் வைக்கவே கூடாது.

அடிப்பிடித்துவிட்டால்

மூக்குக்குத்தான் முதலில் தெரியும். சூடான மேஷ் இனிய, தானிய வாசனை வீசும். அதில் பாப்கார்ன் தீய்ந்தது போலவோ சாம்பல் போலவோ ஒரு இழை கலந்தால் உடனே தீயை அணையுங்கள். அடியைச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் ஒட்டியிருந்தது முழுவதும் மேஷில் கலந்துவிடும். மேலே இருக்கும் மேஷை மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அங்கிருந்து தொடருங்கள். பிறகு சூடேற்ற வேண்டியதைக் கொதிநீர் ஊற்றிச் செய்துகொள்ளலாம்.

மாற்றிய பிறகு ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். நாக்கில் கருகல் தெரியவில்லை என்றால் பியரிலும் பெரும்பாலும் தெரியாது. தெளிவாகத் தெரிந்தால் கொட்டிவிடுங்கள். ஹாப்ஸ் கூட்டியோ, நாள் கடத்தியோ அது போகாது. கோதுமை பியர் போன்ற மெல்லிய பியரில் ஒளிந்துகொள்ள அதற்கு இடமும் இல்லை. ஐந்து மணி நேரம் கூடுதலாக உழைத்துச் சாம்பல் சுவை பியர் அடைப்பதைவிட 4.5 கிலோ மால்ட்டை இழப்பது மலிவு.

பாத்திரத்தைக் கழுவும் முன் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். தேநீர்க் கறை போன்ற மெல்லிய பழுப்பு எப்போதும் இருக்கும், அது ஒன்றுமில்லை. கறுப்பு வளையம் இருந்தால் தீ குவிகிறது. அடுத்த முறை தீயைக் குறைத்துத் தோசைக்கல் போடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பென்றால் அந்தப் பக்கம் துடுப்பு போகவில்லை. பெரும்பாலும் அது நீங்கள் நிற்கும் பக்கமாகவே இருக்கும், ஏனென்றால் கை அங்கேதான் மடங்கும். கருகலைக் கம்பி நாரால் தேய்க்க வேண்டாம். எஃகுப் பாத்திரமென்றால் சலவைச் சோடாவோ சோடியம் பெர்கார்பனேட்டோ கலந்த வெந்நீரை இரவு முழுக்க ஊற்றி வைத்தால் காலையில் தகடாக உரிந்து வரும். அலுமினியத்தில் சோடா வேண்டாம், உலோகத்தையே அரித்துவிடும். அதற்குச் சாதாரணப் பாத்திரச் சோப்பும், மரத்துடுப்பும், கொஞ்சம் கைவலியும்தான்.